காற்று வரும் வழி

பாம்பனாரில் மெயின் ரோட்டை விட்டு எஸ்டேட்டுக்குப் பிரியும் முக்கில் வேதமுத்துவின் ஒர்க்‌ஷாப் இருக்கிறது. பீர்மேட்டுப் பக்கம் ஜீப் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவனிடம்தான் வண்டியை விடுவார்கள். கிளட்ச் ஆனாலும் கியர்பாக்ஸ் ஆனாலும் அவன் கை பட்டால் வண்டி மலை ஏறிவிடும் என்று பெயர். அந்தப் பெயரில் ஒரு பங்கு அவன் மனைவி எப்சிபாவுடையது என்பது ஊருக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும்.

எப்சிபா வண்டிப்பெரியாற்றுக்காரி. எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்து, ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்தாள். ஆலப்புழையில் படகு என்ஜின்களைப் பழுது பார்க்கும் யார்டு ஒன்றில் கொஞ்ச காலம் வேலையும் பார்த்தாள். கல்யாணமாகி பாம்பனாருக்கு வந்த பிறகு அவளுக்குக் கிடைத்த இடம் ஒர்க்‌ஷாப்பின் பின்பக்கத் தகரக் கொட்டகை. டீசல் தெளிக்கும் இன்ஜெக்டரைக் கழுவுவது, பம்ப் பார்ப்பது எல்லாம் அங்கே நடக்கும். வண்டிக்காரர்களிடம் பேசுவது வேதமுத்து.

"என்னண்ணே, புகை சுத்தமா நின்னு போச்சே?"

"நம்ம கை அப்படில்லா!" என்று அவன் சிரிப்பான். பின்னால் இருப்பவளுக்கும் அது கேட்கும். அவள் எதுவும் சொல்ல மாட்டாள். ஒவ்வொரு வேலையும் முடிந்ததும், "ஒருவாட்டி நீங்க பாத்திருங்க, சரியா இருக்கான்னு" என்று கூப்பிடுவாள். அவளுடைய வேலையில் அவன் பிழை கண்டுபிடித்ததே கிடையாது. ஆனாலும் குனிந்து பார்த்து, "ம், இருக்கட்டும்" என்பான். ஒரு நாளில் அவனுக்கு மிகவும் பிடித்த வேளை அது.

போன வருஷம் மழை தொடங்குவதற்கு முன்னால், ஒருநாள் காலையில் பூபதிராஜா என்பவர் காரில் வந்து இறங்கினார். முதலமடையில் பெரிய மாந்தோப்புக்காரர். பீர்மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய தோட்டத்தையும், அதற்குள் இருக்கும் ஏரியையும், ஏரிக்கரையில் பூட்டிக் கிடந்த ரிசார்ட்டையும் புதிதாக வாங்கியிருந்தார்.

"ஏனுங்க, எப்சிபாங்கறவங்க ஊடு இதுதானுங்களா?"

வேதமுத்து கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தான். "என்ன வேலைங்க? மெக்கானிக் நான்தான்."

"இல்லீங்க, நம்ம ஏரிப் போட்டை ஓட்டறதுக்கு டிஜோன்னு ஒருத்தரை வெச்சிருக்கறனுங்க. கொரோனாவுல நிறுத்துன படகு, அதுக்கப்புறம் ஒருத்தரும் தொடவே இல்லீங்களாமா. மரைன் என்ஜினுக்கு இந்த மலையில ஆள் வேணும்னா எப்சிபா அம்மிணிதான்னு அவருதான் சொன்னாரு."

எப்சிபா பின்கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்தாள். டிஜோ என்ற பெயரைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்ததை வேதமுத்து பார்த்துவிட்டான். ஆலப்புழை யார்டில் கூட வேலை பார்த்தவன் என்று அவளே சொன்னாள். இத்தனை வருஷத்தில் அந்தப் பெயரை அவள் ஏன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்பது அன்று முழுவதும் அவன் மண்டைக்குள் குடைந்துகொண்டிருந்தது. இவன் ஒரு நாளும் அவளிடம் ஆலப்புழையைப் பற்றிக் கேட்டதில்லை என்பது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் இருவரும் ஜீப்பில் போனார்கள். "நீங்க எதுக்கு கடையை அடைச்சிட்டு வாறீங்க?" என்று அவள் கேட்டதற்கு, "ஒத்தையில எப்படிப் போவ?" என்றான்.

ஏரிக்கரையில் தகரக் கூரை போட்ட கொட்டகைக்குள், தண்ணீரில் கட்டிக் கிடந்தது படகு. தார்ப்பாய் முழுக்கப் பாசி. டிஜோ பலகைமேல் நின்றுகொண்டிருந்தான். நல்ல உயரம், கொஞ்சம் நரைத்த தாடி.

"எப்சி! நீ அப்படியே இருக்கியே!"

எப்சி. வீட்டுக்குள் வேதமுத்து மட்டும் கூப்பிடும் பெயர் அது. அவன் அம்மாகூட எப்சிபா என்றுதான் கூப்பிடுவாள். டிஜோ அவன் பக்கம் திரும்பி, "சேட்டா, யார்டுல நாங்க எல்லாரும் சுத்தியலத் தூக்கறதுக்கு முந்தி, இவ காதை வெச்சுக் கேட்டு, கோளாறு எங்கன்னு சொல்லிருவா" என்றான். வேதமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான்.

படகின் பின்பகுதியில், மரப்பெட்டிக்குள் இருந்தது மூன்று சிலிண்டர் டீசல் என்ஜின். எப்சிபா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். முதலில் கையாலேயே என்ஜினைச் சுற்றிப் பார்த்தாள். இறுகிப் போகவில்லை, சுற்றியது. எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்தாள், கலக்கவில்லை. பழைய டீசலை வடித்துப் புது டீசல் ஊற்றி, டீசல் குழாயில் புகுந்திருந்த காற்றை வெளியேற்றினாள். புது பேட்டரி போட்டு டிஜோவை ஸ்டார்ட் பண்ணச் சொன்னாள். என்ஜின் வேகமாகத்தான் சுற்றியது. ஆனால் ஒரு சிலிண்டர்கூடப் பிடிக்கவில்லை.

"சுத்துற சத்தமே லேசா இருக்கு. அமுக்கம் இல்ல" என்றாள். டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை இறுக அமுக்கினால்தான் அது சூடேறி டீசல் பற்றும். அந்தக் கம்ப்ரஷன் போய்விட்டால் எவ்வளவு நல்ல டீசல் ஊற்றினாலும் பிரயோஜனம் இல்லை.

அவள் இன்ஜெக்டரைக் கழற்றி, அந்தத் துளையில் அமுக்கம் அளக்கும் மீட்டரை மாட்டிக்கொண்டிருந்தாள். "என்னங்க, அந்தச் சுவரோரமா போய், காத்து வர்ற வழி சரியா இருக்கான்னு பாருங்களேன். எனக்கு இங்கருந்து எட்டல."

காற்று உறிஞ்சும் குழாயின் வாய், படகின் சுவரை ஒட்டிக் கீழ்நோக்கித் திரும்பியிருந்தது. வேதமுத்து ஒருக்களித்து நுழைந்து உள்ளே விரலை விட்டான். சொரசொரவென்று தட்டியது. இன்னும் அழுத்தினான். விரல் பொத்துக்கொண்டு உள்ளே போனது. வெளியே எடுத்தபோது நுனியில் மண்.

மண்குளவி. வாயை முழுக்க அடைத்துக் கூடு கட்டியிருந்தது. என்ஜினுக்குள் காற்றே போகவில்லை. போகாத காற்றை எப்படி அமுக்கும்?

அவன் வாயைத் திறக்கத்தான் போனான். அந்த நேரம் பார்த்து மேலே டிஜோ என்னவோ சொல்ல, எப்சிபா சிரித்தாள். அது தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிற சிரிப்பு. ஒர்க்‌ஷாப்பில் அவள் அப்படிச் சிரித்து அவன் பார்த்ததில்லை. பூபதிராஜாவும் கரையில் நின்று, ஒரு பெரிய டாக்டரைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா?" என்று கேட்டாள் எப்சிபா.

"பாத்தேன். நல்லாத்தான் இருக்கு."

விரலை ஏரித் தண்ணீரில் கழுவிக்கொண்டான்.

மீட்டர் முள் நானூறுக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். மூன்று சிலிண்டரிலும் இருநூறைத் தொடவில்லை. எப்சிபா ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு மறுபடி அளந்தாள். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருந்தால் எண்ணெய் இடைவெளியை அடைத்து முள் நன்றாக ஏறும். கொஞ்சமாகத்தான் அசைந்தது. அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பலகைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"ரிங் இல்ல. வால்வுன்னா மூணும் ஒண்ணுபோல எப்படி ஒழுகும்? எங்கயோ ஒண்ணு விட்டுப்போச்சு."

"என்னங்க அம்மிணி, தேறுமுங்களா?" என்று கேட்டார் பூபதிராஜா.

"இப்பவே சொல்ல முடியல சார்."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வேதமுத்து காத்திருந்தான். "இதுல யோசிக்கறதுக்கு என்னங்க இருக்கு?" என்று கரையேறி வந்தான். "இத்தனை வருஷம் சும்மா கிடந்திருக்கு. ரிங் ஒட்டியிருக்கும், லைனர் துருப்பிடிச்சிருக்கும். என்ஜினை வெளிய எடுத்துப் பிரிச்சாத்தான் தீரும். நான் செஞ்சு தாரேன்."

"ரிங்னா எண்ணெய்க்கு முள்ளு ஏறியிருக்கணுமேங்க" என்றாள் எப்சிபா மெல்ல.

"அப்ப என்னன்னு நீயே சொல்லு."

அவளால் சொல்ல முடியவில்லை. பூபதிராஜா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் உறுதியாகப் பேசுகிறவன் பக்கமே சாய்ந்தார். "சரீங்க. நீங்களே எடுத்துச் செஞ்சு குடுத்துருங்க." டிஜோ மட்டும் எப்சிபாவைப் பார்த்தான்.

திரும்பி வரும்போது வேதமுத்துவுக்கு உடம்பே லேசானதுபோல் இருந்தது. குட்டிக்கானத்தில் ஜீப்பை நிறுத்தி அவளுக்குப் பிடித்த பழம்பொரி வாங்கிக் கொடுத்தான். அவள் அதைக் கையிலேயே வைத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்தும் அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. சோற்றை வடித்துக்கொண்டே, "எண்ணெய்க்கு ஏறல. மூணும் ஒரே மாதிரி" என்று முணுமுணுத்தாள். பிறகு அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"கோவிச்சுக்காதீங்க. அந்தக் காத்து வர்ற வழியை நல்லா உள்ள வரைக்கும் பாத்தீங்கள்ல?"

"ஏட்டி, எம்மேல நம்பிக்கை இல்லையா?"

"ஐயோ, அதுக்கில்ல. எனக்கே எம்மேல நம்பிக்கை போச்சு. படகு என்ஜினைத் தொட்டு எவ்வளவு காலமாச்சு. கை மறந்திருக்கும்." அவள் உதட்டைக் கடித்தாள். "நீங்க சொன்னதுதான் சரியா இருக்கும். அவங்க முன்னால எதுத்துப் பேசுனதுக்கு ஒண்ணும் நினைச்சுக்காதீங்க."

அவள் மன்னிப்புக் கேட்கக் கேட்க, வேதமுத்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அப்போதே சொல்லியிருக்கலாம். அவன் வேறொரு வழி கண்டுபிடித்தான். என்ஜினைப் பிரிக்கும்போது அந்தக் குழாயைத் தானே முதலில் கழற்றி, யாருக்கும் தெரியாமல் கூட்டை நோண்டி எறிந்துவிடுவது. புது ரிங் போட்டு மாட்டிக் கொடுத்தால் படகு ஓடப்போகிறது. யாருக்கு என்ன நஷ்டம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

என்ஜினைத் தூக்க வேண்டிய நாளில் எப்சிபாவும் கிளம்பினாள். "ஸ்பேனர் எடுத்துக் குடுக்கவாவது வாரேன்" என்றாள். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

அங்கே போனதும் அவன் நினைத்தது நடக்கவில்லை. என்ஜினைத் தூக்கும் செயின் பிளாக் மாட்ட வேண்டிய இரும்புச் சட்டம் தாங்குமா என்று பார்க்க, பூபதிராஜா அவனைக் கொட்டகைக்கு வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டார். சட்டத்தைப் பார்த்தபிறகு கூரை, கூரையைப் பார்த்தபிறகு தூண் என்று அவர் விடவே இல்லை. டிஜோ அதற்குள் என்ஜின் பெட்டியின் பலகைகளையெல்லாம் கழற்றிவிட்டான். இப்போது சுவர்ப் பக்கம் எப்சிபாவுக்கும் எட்டியது. பிரிக்கிற வேலையில் அவள் கைக்கு முதலில் வந்ததே காற்றுக் குழாய்தான்.

அவள் அதைக் கழற்றித் திருப்பினாள். வாய் முழுக்கக் காய்ந்த மண். நடுவில் ஒரு துளை. ஆட்காட்டி விரல் போன துளை. உடைந்த ஓரத்து மண் இன்னும் புதுசாக, நிறம் மாறாமல் இருந்தது.

அவள் தன் விரலை அந்தத் துளைமேல் வைத்துப் பார்த்தாள் என்று டிஜோ பின்னால் ஒருநாள் வேதமுத்துவிடம் சொன்னான். ரொம்ப நேரம் அப்படியே இருந்தாளாம். பிறகு ஸ்குரூடிரைவரை எடுத்து, கூட்டைக் குத்திக் குத்தி எடுத்துக் குழாயைக் கழுவினாளாம். உள்ளே என்ஜின்வரை கைவிட்டுத் துடைத்தாளாம்.

வெளியே நின்ற வேதமுத்துவுக்கு என்ஜின் சுற்றும் சத்தம் கேட்டது. அன்றைக்குக் கேட்ட லேசான சத்தம் இல்லை. ஒவ்வொரு சுற்றும் மூச்சை இறுக்கிப் பிடித்து விடுவதுபோல அழுத்தமாக இருந்தது. அவனுக்கு விளங்கிவிட்டது.

பூபதிராஜாதான் முன்னால் ஓடினார். "என்னாச்சுங்க அம்மிணி?"

எப்சிபா மீட்டரைக் காட்டினாள். "காத்துக் குழாயில குளவி கூடு கட்டியிருந்துச்சு சார். அன்னைக்குக் கண்ணுல படல. ரெண்டு சிலிண்டர் நல்லா இருக்கு. என்ஜினைத் தூக்க வேண்டாம்."

வேதமுத்துவை அவள் பார்க்கவில்லை. யார் கண்ணில் படவில்லை என்றும் சொல்லவில்லை.

மூன்றாவது சிலிண்டரில் முள் இன்னும் பாதியில்தான் நின்றது. எண்ணெய் விட்டும் ஏறவில்லை. இந்தத் தடவை அவள் யோசிக்கவே இல்லை. "இது வால்வு" என்றாள். மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தால், புகை போகிற பக்கத்து வால்வு துருப்பிடித்து, முழுக்க மூடாமல் பாதியில் சிக்கியிருந்தது. துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி ஊறவிட்டு, மரக்கட்டை வைத்து மெல்லத் தட்டினாள். வேதமுத்து பக்கத்தில் போய் நின்று கையை நீட்டினான். அவள் கட்டையை டிஜோவிடம் கொடுத்து, "இப்படியே தட்டு, ஓங்காத" என்றாள்.

மத்தியானத்துக்குமேல் என்ஜின் பிடித்தது. கொட்டகை முழுக்க வெள்ளைப் புகை. பிறகு புகை தெளிந்து, என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் பின்பக்கக் குழாயிலிருந்து விட்டுவிட்டுத் துப்ப, சத்தம் சீரானது. டிஜோ கைதட்டினான். பூபதிராஜா, "அம்மிணி, இனி இந்தப் போட்டு உங்க பொறுப்புங்க. வாரம் ஒருக்கா வந்து பாத்துட்டுப் போயிருங்க" என்றார். அவள் கணவனைத் திரும்பிப் பார்க்காமலேயே, "வாரேன் சார்" என்றாள்.

ஜீப்பில் பாதி தூரம் வந்திருந்தார்கள். தேயிலைச் சரிவில் பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது.

"வண்டிய நிறுத்துங்க" என்றாள். நிறுத்தினான். "அந்த விரல் உங்களோடதுதானே?"

"ஆமா."

"ஏங்க?"

அவன் ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான். "அவன் உன்னை எப்சின்னு கூப்பிட்டான்."

"அதுக்கா?"

"அது மட்டும் இல்ல. நீ அங்க நின்னியே, அந்த நிப்பு. சிரிச்சியே. நம்ம கடையில நீ ஒருநாளும் அப்படி நின்னதில்லல்லா."

"நம்ம கடையில எனக்கு நிக்க எங்க இடம் இருந்துச்சு?" என்றாள் எப்சிபா. "பின்னால உக்காரத்தானே இடம்." அவள் அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "ரெண்டு நாளா என் படிப்பையே சந்தேகப்பட்டுட்டுக் கிடந்தேன். உங்ககிட்ட மன்னிப்பு வேற கேட்டேன். அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எடுங்க, வீட்டுக்குப் போவோம்" என்றாள்.

அடுத்த வாரம் வேதமுத்து தனியாக ஏரிக்குப் போனான். டிஜோ பக்கத்தில் இருக்கும்போதே பூபதிராஜாவிடம் நடந்ததைச் சொன்னான். கூட்டை அன்றைக்கே பார்த்ததையும், பார்த்தும் இல்லை என்று சொன்னதையும். பூபதிராஜா, "எனக்குப் போட்டு ஓடுதுங்க, அது போதும். இதையெல்லாம் நீங்க ஊட்டுல பேசிக்கோங்க" என்று போய்விட்டார். டிஜோ தலை நிமிராமல் கயிற்றைச் சுற்றிக்கொண்டே இருந்தான். ஏசியிருந்தால் தேவலை என்று வேதமுத்துவுக்குத் தோன்றியது.

அந்தச் செய்தி எப்சிபாவுக்குப் போயிற்று. "போய்ச் சொன்னீங்களாமே" என்றாள், பால் இல்லாத கட்டன் சாயாவை முன்னால் வைத்தபடி. அவ்வளவுதான்.

ஒர்க்‌ஷாப்பில் அவள் இப்போது முன்பக்கமே வேலை பார்க்கிறாள். பம்ப் மேசையை வேதமுத்துவே தூக்கிக்கொண்டு வந்து வெளிச்சத்தில் போட்டான். வண்டிக்காரர்கள் புகையைப் பற்றிக் கேட்டால் அவளைக் கைகாட்டுகிறான். ஆனால் வேலை முடிந்ததும், "ஒருவாட்டி நீங்க பாத்திருங்க" என்று அவள் கூப்பிடுவதில்லை. வண்டிக்கு அடியில் பார்த்து அவன் என்ன சொன்னாலும், "சரி" என்று கேட்டுக்கொண்டு, தானும் ஒருமுறை குனிந்து பார்க்கிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு நெஞ்சில் குத்தும். ஏன் பார்க்கிறாய் என்று கேட்க மாட்டான்.

செவ்வாய்க்கிழமை அவள் ஏரிக்குப் போகிற நாள். பஸ்ஸில் போய் பஸ்ஸில் வருவாள். சமீபத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பெருமழை பிடித்துக்கொண்டது. வேதமுத்து ஜீப்பை எடுத்துக்கொண்டு அவளைக் கூட்டிவரப் போனான். மழை விட்டிருந்தது. ஏரி நடுவில் படகு போய்க்கொண்டிருந்தது. டிஜோ ஓட்ட, எப்சிபா என்ஜின் பெட்டிமேல் கைவைத்து, தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள். டிஜோ என்னவோ சொன்னான். அவள் சிரித்தாள்.

பழைய எரிச்சல் அடிவயிற்றிலிருந்து அப்படியே கிளம்பி வந்தது. ஹாரன்மேல் கை போனது. அவன் அடிக்கவில்லை. படகு சுற்றி முடித்துக் கரைக்கு வரும்வரை ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தான்.

எப்சிபா டீசல் வாடையோடு வந்து ஏறினாள். "வந்து ரொம்ப நேரமாச்சா?"

"ஆமா. பாத்துக்கிட்டேதான் இருந்தேன்" என்றான். கொஞ்சம் நிறுத்தி, "வயிறு எரியுது எப்சி" என்றான்.

அவள் அவன் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு வந்து போனது.

"எரியட்டும்" என்றாள். "வண்டிய எடுங்க, மறுபடி மழை வருது."